ஒரு கை மட்டும் சுருங்காத ஸ்வெட்டர்

பைத்தியமாம்! யாரோ போட்டுக் கழித்த ஸ்வெட்டர் ஒன்றைப் பார்த்ததும் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை அப்படியே போட்டுவிட்டு, பழந்துணிக் கிடங்கில் துணியை அமுக்கிப் பேல் மூட்டை கட்டுகிறவரோடு ஓடிவிட்டாளாம். குழாயடியில் நின்றுகொண்டு இதைச் சொல்கிற வாய் எது என்பதும் தெரியும், அந்த வாய் இத்தனை வருஷமாக எதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தது என்பதும் தெரியும். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பேல்காரரை விட்டுவிடுங்கள். அவர் பாட்டுக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சந்தேகம் இருந்தால் போய்க் கதவைத் தட்டிக் கேளுங்கள். பதிலை அவர் பெண்டாட்டி சொல்வாள், கையில் விளக்குமாற்றோடு.

ஓடினாளாம்! பட்டப்பகலில், தெருவே வேடிக்கை பார்க்க, நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள் ஓடினாள் என்றால், நடந்து போகிறவர்களுக்கெல்லாம் என்ன பெயர் வைப்பது?

அவளைத் தெருவில் தொட்டுப்பார் என்றுதான் கூப்பிடுவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் நிற்கிறவரின் சட்டை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து நசுக்கிப் பார்ப்பது அவள் வழக்கம். "பருத்தின்னு சொல்லியா வித்தான்? பாதிக்குப் பாதி பாலியஸ்டர். இதைப் போட்டுக்கிட்டு வெயில்ல அலையாதீங்க, அவிஞ்சு போயிடுவீங்க" என்பாள். கேட்காமலே சொல்வாள். புதுத்துணி உடுத்தியிருக்கிறவர்கள் அவள் வருவதைப் பார்த்தால் சந்து மாறிப் போவார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. விரல் அப்படிப் பழகிவிட்டது.

பழக்கியது கிடங்கு. ஊர் ஊராகச் சேர்த்த பழைய துணிகளை லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். நீள மேசைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, ஒவ்வொன்றாக எடுத்து இனம் பிரிக்க வேண்டும். மேசை ஓரத்தில் அரிவாள் போல ஒரு கத்தியை நட்டு வைத்திருப்பார்கள். துணியைக் கத்தியின் மேல் தள்ளினால் கிழிந்து வரும். பருத்தியைக் கைக்குள் கசக்கினால் கசங்கினது கசங்கினபடியே இருக்கும். அதைத் துண்டு போட்டு இயந்திரப் பட்டறைகளுக்கு அனுப்புவார்கள், எண்ணெய் துடைக்க. பாலியஸ்டர் எண்ணெயைக் குடிக்காது, இங்கே இருப்பதை அங்கே தள்ளும், அவ்வளவுதான். ஒரு மூட்டைப் பருத்தியில் நாலு பாலியஸ்டர் சட்டை கலந்து போனால் பட்டறைக்காரர்கள் மூட்டையையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாலியஸ்டருக்கு வேறு போக்கிடம் உண்டு. அதை நார் நாராகப் பிய்த்து, வண்டி இருக்கைகளுக்குள்ளும் மலிவுத் தலையணைக்குள்ளும் திணிப்பார்கள். நல்ல கம்பளியைப் பிரித்து மறுபடியும் நூலாக்கி முரட்டுப் போர்வை நெய்வார்கள். அப்புறம் இந்த அக்ரிலிக். கம்பளி வேஷம் போடுகிற நூல். பார்க்கவும் கம்பளி மாதிரி, தொட்டாலும் ஏறக்குறைய கம்பளி மாதிரி. கம்பளிக் குவியலில் அது கலந்தால் மேஸ்திரி அம்மா மேலும் கீழும் குதிப்பாள்.

அதற்காக அவள் விரல் பொய்யே சொல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒருதடவை ஒரு சால்வையைத் தடவிப் பார்த்து, "இது சுத்தமான கம்பளி. இல்லைன்னா என் காதை அறுத்துக்கிறேன்" என்று சவால் விட்டாள். மேஸ்திரி அம்மா ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டினாள். கம்பளியாக இருந்தால் முடி கருகுகிற நாற்றம் வர வேண்டும். வரவில்லை. இழை சுருண்டு கறுப்பு மணியாக உருகி நின்றது. அக்ரிலிக். அன்றிலிருந்து, பக்கத்தில் நின்று பித்தானும் ஜிப்பும் வெட்டியெடுக்கிற பட்டன்காரி தினமும் காலையில் முதல் வேலையாக இவள் தலைமுடியை ஒதுக்கிப் பார்ப்பாள். "ரெண்டு காதும் இருக்கு. சரி, வேலையைப் பாப்போம்" என்பாள்.

இப்படிச் சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் தெரிந்தவளாக அவள் ஆனது பின்னாளில்தான். கிடங்குக்கு வேலைக்கு வந்த புதிதில் வாயே திறக்க மாட்டாள். புருஷன் கடலில் போன சமயம் அது.

அவள் புருஷன் மீன் பதப்படுத்துகிற குளிர்க்கிடங்கில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே மூச்சு புகையாக வரும். கல்யாணமான புதிதில் அவனுக்கென்று அவளே ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். பாட்டில் பச்சை நிறம். அதற்கு முன்னால் அவள் ஸ்வெட்டர் பின்னியது கிடையாது. கழுத்தை இறுக்கிப் பின்னிவிட்டாள், தலை நுழையவில்லை. இடது தோளில் பிரித்துவிட்டு, கொட்டாங்கச்சிப் பித்தான் மூன்று வைத்துச் சமாளித்தாள். அதைவிடக் கூத்து, இடது கை பாக்கியிருக்கும்போது கம்பளி நூல் தீர்ந்துவிட்டது. கடைக்காரன் அதே நிறத்தில் அக்ரிலிக் நூலைத் தலையில் கட்டினான். "யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?" என்றான். அப்போது அவளுக்குத் தொட்டுப் பார்க்கத் தெரியாது.

போட்டுக்கொண்டவன் கண்டுபிடித்தான். "ஏன்டி, இந்த ஒரு கைக்கு மட்டும் என் மேல என்ன கோவம்? சூடே ஆக மாட்டேங்குது" என்று கேட்டுக் கேட்டு அவளைச் சிவக்க வைப்பான். அவனும் நல்லவனாகத்தான் இருந்தான். இருந்தான் என்பதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

பிறகு துறைமுக ஊரில் கப்பல் வேலை கிடைத்தது. கப்பலின் குளிர் அறையில் மீன் அடுக்குகிற வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்தவன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தான். அப்புறம் ஆறு மாதம் ஆளே இல்லை. ஒருநாள், உடனே புறப்பட்டு வரவேண்டும் என்று அவன் அம்மாவுக்குச் செய்தி வந்தது. தொட்டுப்பாருக்கு அப்போது கடுமையான காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. "நீ படு, நான் பாத்துட்டு வரேன்" என்று மாமியார் மட்டும் பஸ் ஏறிப் போனாள். நாலைந்து நாளில் தனியாகத் திரும்பி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"கடல்ல விழுந்துட்டான்டி. நீ பின்னிக் கொடுத்த அந்தப் பச்சை ஸ்வெட்டரோடயே போயிட்டான். உடம்புகூடக் கிடைக்கலைடி."

தெரு முழுக்கக் கூடி அழுதது. மாமியாரின் அழுகையை நடிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் நிஜமாகத்தான் அழுதாள். எதற்கு அழுதாள் என்பதுதான் வேறு.

அதற்குப் பிறகு தொட்டுப்பாரின் தாய்மாமன் இரண்டு முறை வந்து கூப்பிட்டார். "இங்க என்னம்மா இருக்கு உனக்கு? வயசு கெடக்குது. வந்துடு" என்றார்.

"அத்தைக்கு யாரு இருக்கா மாமா? பிள்ளையையும் விட்டுட்டு, என்னையும் விட்டுட்டு நிப்பாங்களா?" என்று அனுப்பிவிட்டாள். கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். பேல்காரர் அப்போது கல்யாணம் ஆகாதவர். மரியாதையான மனிதர். நேரில் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பட்டன்காரி மூலமாகக் கேட்டார். தொட்டுப்பார் ஒரு ராத்திரி யோசிக்கக்கூட இல்லை. "வேணாம். அவரு நெனப்பு போகாது, அத்தையையும் விட முடியாது" என்றாள். பேல்காரர் இரண்டு வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணத்துக்கு அவள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மறுநாள் அவள் கிடங்கில் நாள் முழுக்கக் கம்பளியையும் அக்ரிலிக்கையும் கலந்து போட்டாள் என்று பட்டன்காரி சொல்வாள். தொட்டுப்பார் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மாமியாருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன பிறகு வேலை இரண்டு மடங்காயிற்று. காலையில் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டுக் கிடங்குக்கு ஓடுவாள். மத்தியானம் ஓடிவந்து இன்னொரு முறை புரட்டுவாள். மேஸ்திரி அம்மாவிடம் கேட்டு, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன பருத்தி விரிப்புகளாகப் பார்த்து வாங்கி வருவாள். ஒரே இடத்தில் கிடக்கிற உடம்புக்கு அதுதான் லாயக்கு, வேர்வையைக் குடித்துக்கொள்ளும். இத்தனை வருஷம் படுக்கையில் கிடந்தவளுக்கு முதுகில் ஒரு புண் உண்டா? போய்ப் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

இனிமேல் ஸ்வெட்டர்.

மழை நாள். வந்த துணியெல்லாம் ஈரவாடை அடித்தது. பட்டன்காரி குவியலிலிருந்து எதையோ இழுத்துத் தூக்கிப் பிடித்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடியே, இதைப் பாருங்கடி! ஒரு கை பூனைக்கு, ஒரு கை யானைக்கு!"

குழந்தை போடுகிற அளவில் ஒரு குட்டி ஸ்வெட்டர். கெட்டியாக அட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது. வலது கை உடம்புக்கு ஏற்ற அளவில் குட்டியாக இருந்தது. இடது கையைப் பார்த்தால் உள்ளே மடித்து மடித்துத் தைத்திருந்தது. தையல் விட்டுப்போய், ஆம்பளைக் கை அளவுக்குத் தொளதொளவென்று நீண்டு தொங்கியது. மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். தொட்டுப்பாரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "கம்பளியைக் கொதிக்கிற தண்ணில போட்டிருக்கா எவளோ. கம்பளின்னா சுருங்கும், கல்லா இறுகிடும். அந்த ஒரு கை மட்டும் அக்ரிலிக்கா இருக்கும். அதான் சுருங்..." என்றாள்.

பாதியில் வாய் நின்றுவிட்டது.

கையை நீட்டி வாங்கினாள். பாட்டில் பச்சை. இடது தோளைத் திருப்பினாள். பிரித்த இடம். கொட்டாங்கச்சிப் பித்தான்கள் மூன்றும் சுருங்காமல் பழைய அளவிலேயே, இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு நின்றன. அதைத் தைத்திருந்த முடிச்சு அவளுடையது. முதல்முதலாகப் பித்தான் தைத்த பெண் பயந்துபோய்ப் போட்ட ஏழெட்டு முடிச்சு.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் பட்டன்காரி.

"இது கடல்ல இருக்கணும்" என்றாள் தொட்டுப்பார்.

பட்டன்காரிக்கு விஷயம் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவளுக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் தோழிக்காக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, "சும்மா இரு. அக்ரிலிக்கைக் கம்பளின்னு காதைப் பந்தயம் வெச்சவதானே நீ? உலகத்துல பச்சை ஸ்வெட்டரே கிடையாதா?" என்றாள்.

"பச்சை ஸ்வெட்டர் ஆயிரம் இருக்கும். இப்படி முட்டாத்தனமாப் பின்னினவ நான் ஒருத்திதான்."

நம்ப முடியவில்லை என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். பழந்துணி போய்ச் சேருகிற கிடங்கு நாட்டில் எத்தனை இருக்கிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கே கழித்துப் போட்டாலும் கடைசியில் அவற்றில் ஒன்றுக்குத்தான் வர வேண்டும். மேஸ்திரி அம்மாவிடம் கேட்டாள், இந்த மூட்டை எங்கிருந்து வந்தது என்று. துறைமுக ஊரிலிருந்து என்றாள் அவள்.

முதலில் அவளுக்குத் தோன்றியது என்ன தெரியுமா? சந்தோஷம். யாரோ கடலிலிருந்து அவனைத் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள், நினைவு தப்பி எங்கோ இருக்கிறான் என்று நினைத்தாள். அரை மணி நேரம், ஏழெட்டு வருஷமாகச் சுமந்த பாரம் இறங்கின முகத்தோடு நின்றாள். பிறகு விரல் தன் வேலையைச் செய்தது. ஸ்வெட்டரின் முழங்கை தேய்ந்திருந்தது, குழந்தையின் முழங்கை இருக்கிற இடத்தில். முன்பக்கம் மை கொட்டிய கறை. கீழ் ஓரத்தில், வீட்டு இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஒட்டுகிற பாலியஸ்டர் முயல் பொம்மை ஒன்று. ஒரு குழந்தை இதை ஆசையாகப் போட்டுக்கொண்டு ஒரு வீட்டில் வளர்ந்திருக்கிறது. நீளமான கையை யாரோ ஒருத்தி அக்கறையாக மடித்துத் தைத்திருக்கிறாள். நினைவு தப்பியவன் வீட்டில் இத்தனை ஒழுங்கு இருக்காது.

அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் அவளுக்குக் கவலை. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று திடீரென்று கேட்டால் கிழவியின் நெஞ்சு தாங்குமா? உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்தாள். அவளாகவே அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று.

கிழவி இடது கையால் அதைத் தடவினாள். தூக்கிப் பார்த்தாள். அசதியில் இருந்தாளோ என்னவோ, யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அட, இதுதானா? சுருங்கிப் போச்சு, குழந்தைக்குப் போட்டுட்டோம்னு சொன்னான். இவ்வளவு சுருங்கியிருக்கும்னு நெனைக்கலையே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தொட்டுப்பார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் வைத்திருந்த தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

"யாரு சொன்னா அத்தை?"

"இல்லம்மா, நான் ஏதோ தூக்கத்துல..."

"யாரு சொன்னா?"

கிழவிக்கு வேறு வழியில்லை. அன்று துறைமுக ஊருக்குப் போனபோது பிள்ளை குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நிறைமாதமாக ஒரு பெண். "இனிமே இங்கதாம்மா. அவகிட்ட நீ ஏதாவது சொல்லிச் சமாளிச்சிடு" என்று சொல்லி அம்மாவைத் திருப்பி பஸ் ஏற்றிவிட்டான். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்த அம்மா கண்டுபிடித்த சமாளிப்புதான் கடல்.

"அதுக்கு எதுக்கு அத்தை சாகடிச்சீங்க? ஓடிப்போயிட்டான்னு சொல்லியிருக்கலாமே."

கிழவி அவள் முகத்தைப் பார்க்காமல், ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

"ஓடிப்போயிட்டான்னா நீயும் மறுநாளே உங்க மாமன் வீட்டுக்குப் போயிருப்ப. செத்துட்டான்னா இருப்ப. எனக்கு ஆள் வேணுமே."

இதைவிடப் பெரிய அறை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள். புருஷன் செய்தது ஊரில் நடக்காததில்லை. இது அப்படியா? தாய்மாமன் கண்ணில் தண்ணீரோடு திரும்பிப் போனது, பேல்காரரின் இரண்டு வருஷம், அவள் வேண்டாம் என்று தள்ளின ஒவ்வொன்றும், கிழவிக்கு இடுப்பைப் பிடித்துவிட ஆள் வேண்டும் என்பதற்காக. கிழவி அவள்மேல் பாசமாக இல்லை என்று சொல்ல முடியாது. பாசமாகத்தான் இருந்தாள். ஒவ்வொரு நாளும் "நீ எனக்கு மக மாதிரி" என்பாள். அதுதான் தொட்டுப்பாருக்கு இன்னும் விளங்காதது. பாசத்தையும் பொய்யையும் ஒரே நூலாக முறுக்கி இத்தனை வருஷம் கையில் கொடுத்திருக்கிறாள். எதையும் தொட்டுப் பிரித்துச் சொல்கிறவளுக்குத் தன் வீட்டில் இருந்தது தெரியவில்லை.

"எப்படிப் பேசிக்கிட்டீங்க?" என்று கேட்டாள். "உங்களுக்குப் போன் கிடையாதே."

கிழவி கண்ணைக் காட்டினாள், வாசல் பக்கம். எதிர்வீடு.

ஆமாம், குழாயடியில் நின்று நியாயம் பேசுகிற அதே எதிர்வீட்டம்மாதான். தொட்டுப்பார் கிடங்குக்குக் கிளம்பி முனை திரும்பியதும், போனை எடுத்துக்கொண்டு வந்து கிழவியின் காதில் வைப்பாளாம். பிள்ளையோடு பேச வைத்துவிட்டு, பேரப்பிள்ளையின் மழலையையும் கேட்க வைத்துவிட்டுப் போவாளாம். வருஷக்கணக்காக! சாயங்காலம் இதே வாசலில் உட்கார்ந்து, "பாவம்டி நீ, இந்த வயசுல இப்படி ஆயிட்டியே" என்று தொட்டுப்பாரின் தலையைத் தடவியும் கொடுப்பாள். என்ன நெஞ்சு!

தொட்டுப்பார் எழுந்து எதிர்வீட்டுக்குப் போனாள். சண்டை போடப் போகிறாள் என்று பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. அவள் கையை நீட்டி, "போனைக் குடுங்க" என்றாள். எதிர்வீட்டம்மா எதுவும் கேட்காமல் கொடுத்தாள். அதை எடுத்து வந்து மாமியார் கையில் வைத்தாள்.

"உங்க பிள்ளையைக் கூப்பிடுங்க. வந்து உங்களைப் பாத்துக்கச் சொல்லுங்க. வர்ற வரைக்கும் நான் இருக்கேன். வந்த அன்னிக்குப் போயிடுவேன்."

"போகாதம்மா, உன் கால்ல வேணாலும்..."

"உங்களால எழுந்திரிக்க முடியாது அத்தை. கூப்பிடுங்க."

அவன் உடனே வந்துவிடவில்லை. கப்பல் வேலை, லீவு இல்லை, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று இழுத்தான். அந்த நாட்களில் அவள் ஒரு வேலையையும் குறைக்கவில்லை. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புரட்டினாள். பேச்சு மட்டும் இல்லை. கிழவிதான் பேசினாள், அழுதாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். "வாயைத் திறந்து நாலு வார்த்தை திட்டிடும்மா, இப்படி ஊமையா இருக்காத" என்றாள். தொட்டுப்பார் அவளைத் திருப்பிப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துவிட்டாள்.

கிடங்குக்கும் போனாள். அந்த ஸ்வெட்டரைக் கையோடு கொண்டுபோய், மேசை ஓரத்துக் கத்தியில் இடது கையைத் தோளோடு வைத்துக் கிழித்தாள். உடம்பைக் கம்பளிக் குவியலில் போட்டாள். கையை அக்ரிலிக் குவியலில் போட்டாள். பித்தான்களைப் பட்டன்காரியின் டப்பாவில் போட்டாள்.

"ஞாபகத்துக்கு ஒரு பித்தானாவது வெச்சுக்கயேன்டி" என்றாள் பட்டன்காரி.

"எதை ஞாபகம் வெச்சுக்க? நான் அழுதது எதுக்குன்னே எனக்குத் தெரியலை" என்றாள் தொட்டுப்பார். "ஒரு ஆளுக்காக அழுதேன். அந்த ஆளு அங்க உக்காந்து பிள்ளைக்கு முயல் பொம்மை ஒட்டிக்கிட்டிருந்திருக்கான்." பட்டன்காரி டப்பாவை மூடினாள். தன் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாகக் கிடப்பதை மட்டும் சொன்னாள்.

அவன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். பெட்டியும் கையுமாகத் தெருவுக்குள் நுழைந்தான். முனையில் தேய்க்கிற வண்டிக்காரர் அவனைப் பார்த்தபடியே இஸ்திரிப்பெட்டியை ஒரு நைலான் சட்டையின் மேல் வைத்துவிட்டார். சட்டை உருகி அப்பிக்கொண்டது. தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு அலறினார்கள். செத்தவன் நடந்து வந்தால் யார்தான் அலற மாட்டார்கள்? தெருவில் அலறாத ஒரே ஆள் எதிர்வீட்டம்மா. "வாப்பா, பஸ் லேட்டா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தெரு மொத்தமும் தன்னையே பார்ப்பதை உணர்ந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குச் சாத்தினவள்தான் இப்போது திறந்துகொண்டு, அவள் ஓடிவிட்டாள், பைத்தியம் என்று புதுக்கதை கட்டுகிறாள். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேறு ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அவனுக்கோ ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குள் வந்து, "ஏம்மா எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி பாக்கறாங்க?" என்றான்.

"நீங்க செத்து ஏழெட்டு வருஷம் ஆச்சு" என்றாள் தொட்டுப்பார். "உங்களுக்குச் சொல்லலையா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சுவரைப் பார்த்தாள். அவன் முகம் மாறினதைப் பார்த்தால் நிஜமாகவே அவனுக்குத் தெரியாது என்று புரிந்தது.

"சமாளின்னுதானம்மா சொன்னேன்? சாகடிச்சிட்டியா?" என்றான். பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான். பிறகு தொட்டுப்பாரின் பக்கம் திரும்பி, "நீ போயிருப்பன்னு நெனச்சேன். தன் மேல இருக்கற பாசத்துல நீ இங்கயே இருக்கறதா அம்மா சொன்னாங்க. என்னைப் பத்தித் தெரிஞ்சும் நீ இருக்கறதாச் சொன்னாங்க. சத்தியமா..." என்று இழுத்தான்.

அவள் கேட்டுக்கொண்டாள். அந்த ஒரு பொய்யைக் கிழவி இரண்டு பக்கமும் விரித்திருந்ததைக் கேட்டு, இதற்கு மேல் அதிர்வதற்குக் கூடத் தனக்குத் தெம்பில்லை என்று ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இங்க வாங்க" என்று அவனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். "நாலு மணி நேரத்துக்கு ஒருதடவையாவது புரட்டணும். தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை. இழுக்கக் கூடாது, உருட்டணும். விரிப்பெல்லாம் அலமாரில இருக்கு, எல்லாம் பருத்தி. கடையில பளபளன்னு இருக்குன்னு பாலியஸ்டர் வாங்கிட்டு வந்துடாதீங்க, வேர்வை குடிக்காது, ரெண்டு நாள்ல முதுகு புண்ணாயிடும். மாத்திரை ஜன்னல் மேல. மீன் குடுத்தா முள்ளை நீங்களே எடுத்துட்டுக் குடுங்க, அவங்களுக்கு நாக்குல தெரியாது."

"நாலு நாள் இரேன். உக்காந்து பேசிக்கலாம்" என்றான்.

"செத்தவங்க பதில் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லைங்க. வருஷக்கணக்கா நான் பேசினப்ப நீங்க ஒருநாளும் பதில் சொல்லலை."

கிழவி கட்டிலிலிருந்து கையை நீட்டினாள். "கோவமாப் போகாதம்மா. என்னைச் சபிச்சுட்டுப் போகாத."

தொட்டுப்பார் போய் அந்தக் கையைப் பிடித்தாள். தலையணையைச் சரிசெய்தாள். தண்ணீர் எடுத்துக் குடிக்க வைத்து வாயைத் துடைத்துவிட்டாள்.

"கோவம் இருக்கு அத்தை. நிறைய இருக்கு. தண்ணி குடுக்காமப் போற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்."

"எங்க போற?" என்றான் அவன் பின்னாலிருந்து.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வெளியே தெரு மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, இன்றைக்கு இத்தனை பேசுகிற வாய்களில் ஒன்றுகூட. அவள் வாசற்படியைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கினாள். உள்ளேயிருந்து கிழவியின் குரல் கேட்டது. "தம்பி, என்னைக் கொஞ்சம் திருப்பிப் படுக்க வையேன்." தொட்டுப்பார் ஒரு கணம் நின்றாள். கட்டில் கிறீச்சிடுகிற சத்தமும், "எப்படிம்மா, இப்படியா?" என்று அவன் தடுமாறுகிற சத்தமும் கேட்ட பிறகு நடந்தாள்.